பெட்ரோல் வாசனையும் நம் பார்க்கிங்கும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். பேங்க் கவுன்ட்டரில் முப்பத்து நாலு வருடம் உட்கார்ந்தவன் நான், நேரத்துக்கு ஷட்டரை இறக்கிவிடுவேன்.

15 வருடம் தாண்டிய கார்களை ஸ்டில்ட் பார்க்கிங்கில் நிறுத்தக் கூடாது என்று ஒரு தீர்மானம் உங்கள் முன் இருக்கிறது. போன மாதம் கீழே வந்த பெட்ரோல் வாசனைதான் அதற்குக் காரணம். வாசனை வந்தது என் வண்டியிலிருந்து. 2008 மாடல் மாருதி 800. ஆகையால் நான் ஒரு கட்சிக்காரன். அதைக் கழித்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

முதலில், பயந்தவர்கள் பயந்தது நியாயம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. சமையல் புகை மாதிரி மேலே போகாது, தரையோடு தரையாகப் பரவும். நம் ஈபி மீட்டர் போர்டு, தண்ணீர் மோட்டார் ஸ்டார்ட்டர், லிஃப்ட் எல்லாம் அதே தளத்தில்தான் இருக்கின்றன. எண்ணெய்க் கசிவு என்றால் என்னவென்று இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2013-ல் தண்டையார்பேட்டையில் போர் தண்ணீரில் எண்ணெய் வந்ததைப் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பக்கம் வீட்டுச் சுவரெல்லாம் எண்ணெய் அப்பியதையும் பார்த்தோம்.

ஆனால் என் வண்டி ஏன் கசிந்தது? வயதாகிவிட்டது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். வண்டியைத் தூக்கி அடியில் பார்த்தால் வேறு கதை. பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து இன்ஜினுக்கு மூன்று எஃகுக் குழாய்கள் ஓடுகின்றன. ஒன்று பெட்ரோல் போக, ஒன்று மிச்சம் திரும்பி வர, ஒன்று ஆவிக்கு. இவற்றை அடித்தகட்டோடு பிடித்து வைக்க பிளாஸ்டிக் கிளிப்புகள் உண்டு. கடற்காற்றின் உப்பும், கண்டெய்னர் லாரி கிளப்பும் புழுதியும், மழைச் சேறும் அந்தக் கிளிப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே குழாய் காய்ந்துவிடும், கிளிப்புக்குள் ஈரம் காயாது. துரு பிடிப்பது அங்கேதான். என் வண்டியில் மொத்தக் குழாயும் நன்றாக இருந்தது, ஒரு கிளிப்புக்கு அடியில் ஒரு சாண் நீளம் மட்டும் பொரிந்து போயிருந்தது.

சர்வீஸ் சென்டர் ஒன்றில் முழு செட்டும் மாற்றச் சொல்லி 16,000 ரூபாய் எஸ்டிமேட் போட்டார்கள். நான் காமர்ஸ் படித்தவன். தேய்மானம் கழித்தால் என் வண்டியின் புத்தக மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்ஜியம். பென்ஷனில் 16,000 எடுத்து அதில் போட முடியாது. வண்டியை விற்றுவிடவும் முடியாது. வீட்டில் அவளுக்கு ராத்திரி மூச்சு முட்டினால், ஆட்டோ தேடாமல் ஸ்டான்லிக்குப் போக எனக்கு இருப்பது இந்த ஒரு வண்டிதான். நம்மில் பல பேர் நிலைமை இதுதான்.

நம் தெருமுனை மெக்கானிக் தம்பி பார்த்துக் கொடுத்தார். பொருள் 1,350, கூலி 1,200, ஆக 2,550 ரூபாய். எதில் மிச்சம் பிடித்தோம், எதில் பிடிக்கவில்லை என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

துருப்பிடித்த இடத்தை இரண்டு பக்கமும் நல்ல உலோகம் வரும் வரை வெட்டி எடுத்தார். அதே அளவு எஃகுக் குழாய் வைத்தார். குழாய் முனையில் சின்னதாக ஒரு உதடு எழுப்பி, ரப்பர் ஹோஸ் செருகி, கிளாம்ப் போட்டார். அந்த உதடு இல்லாவிட்டால் ஹோஸ் அழுத்தத்தில் கழன்றுவிடும். அழுத்தம் என்றால் எவ்வளவு? கார்புரேட்டர் வண்டியில் 5 பி.எஸ்.ஐ.கூட வராது. இன்ஜெக்ஷன் வண்டியில் சுமார் 40. டயருக்கு நாம் அடிக்கும் காற்றே 30 தான். ஆகவே எம்-சீல் அப்புவது, துணி சுற்றுவது, லாரிக்காரர்கள் வழியில் டேங்குக்குச் சோப்பு தேய்ப்பது, எதுவும் இங்கே நிற்காது.

ஹோஸில் மிச்சம் பிடிக்கவே கூடாது. மேலே ஜே30 ஆர்9 என்று அச்சடித்திருக்கும், அது இன்ஜெக்ஷன் வண்டிக்கு உரியது. ஆர்7 என்றால் கார்புரேட்டருக்கு மட்டும். வாஷிங் மெஷின் டியூப், தோட்டத்து டியூப் எல்லாம் பெட்ரோலில் ஊறிப் பொதபொதவென்று ஆகிவிடும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் பழைய ரப்பர் இன்னும் சீக்கிரம் கெடலாம். கையால் வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் அத்தனை ரப்பரையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். மீட்டர் கணக்கில்தான் விற்கிறார்கள், பெரிய தொகை இல்லை. டோல்கேட்டில் மெட்ரோ ஏறினால் எல்.ஐ.சி. ஸ்டேஷன், அங்கிருந்து ஜி.பி. ரோடு நடக்கிற தூரம். புதுப்பேட்டையில் கதவு வாங்குங்கள், கண்ணாடி வாங்குங்கள், பழைய பெட்ரோல் ஹோஸ் வாங்காதீர்கள். ஏ.சி. மெக்கானிக் செம்புக் குழாய் தருகிறேன் என்றாலும் வேண்டாம். அது வண்டி அதிர்வில் இறுகி விரிசல் விடும்.

வேலை தொடங்கும் முன் தம்பி ஃபியூயல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக அணையும் வரை ஓடவிட்டார். குழாயில் அழுத்தம் இறங்கியபின் பேட்டரியைக் கழற்றினார். அதற்கப்புறம்தான் ஸ்பேனரைத் தொட்டார். எல்லாம் வெட்டவெளியில். உங்கள் மெக்கானிக் இதைச் செய்யவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள். டேங்கைக் கழற்றி ஆவி போகக் கழுவாமல் அதில் வெல்டிங் வைக்கிறேன் என்பவரிடம் பேசவே வேண்டாம்.

இப்போது தீர்மானத்துக்கு வருகிறேன். போன வருடம் சி பிளாக்கில் பெட்ரோல் ஒழுகிய காருக்கு வயது மூன்று. எலி கடித்தது. அது நைலான் குழாய், அதில் ஹோஸ் செருகி ஒட்டுப் போட முடியாது, அந்தத் துண்டையே மாற்றினார்கள். 15 வருட விதி அந்தக் காரைப் பிடித்திருக்குமா?

நான் கேட்கும் திருத்தம் இது: கசியும் வண்டி எதுவானாலும், சரிசெய்து காட்டும் வரை உள்ளே வரக் கூடாது. வாசனை வந்தால் ஸ்டார்ட் செய்யாமல், பக்கத்தில் எந்த ஸ்விட்சையும் தொடாமல், நாலு பேர் சேர்ந்து வெளியே தள்ளுவோம். சிந்தியதன்மேல் மணல் போடுவோம், தண்ணீர் ஊற்றிச் சாக்கடைக்கு அனுப்ப வேண்டாம். அங்கே தொங்கும் தீயணைப்பானில் முள் பச்சையில் நிற்கிறதா என்று வாட்ச்மேன் மாதம் ஒருமுறை பார்த்து நோட்டில் எழுதட்டும்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு மெக்கானிக் தம்பி கேட்டுக்கு வெளியே வருகிறார். அடியில் பார்த்துச் சொல்ல வண்டிக்கு 100 ரூபாய். பேர் கொடுக்க விரும்புகிறவர்கள் வாட்ச்மேனிடம் எழுதிக் கொடுங்கள். புது வண்டிக்காரர்களும்தான்.