கத்தரிக்கோல் யார் கையில்?



நாடகம் எழுதிப் பழகியவன் நான். ஆகவே இன்றைய பொருளையும் இரண்டு காட்சிகளாகவே உங்கள் முன் வைக்கிறேன்.

முதற் காட்சி, சீனம். 2018 நவம்பரில் ஹே ஜியான்குய் என்னும் விஞ்ஞானி, கருவிலேயே மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்கச் செய்ததாக அறிவித்தார். எய்ட்ஸ் கிருமி அவர்களை அண்டாதிருக்கவாம்! தந்தையிடமிருந்த கிருமி பிள்ளைக்குத் தொற்றாமல் காக்க எளிய வழிகள் முன்பே இருந்தன. இருந்தும், நோயற்ற கருவின்மீது பாய்ந்தது கிரிஸ்பர் என்னும் மரபணுக் கத்தரிக்கோல். அந்தத் திருத்தம் அவர்களோடு நில்லாது, வழிவழியாகவும் செல்லக்கூடும். பிறவாத பேரப்பிள்ளையிடம் ஒப்புதல் பெற்றவர் யார்? பின்னால் ஓடிவந்த சட்டம், 2019 டிசம்பரில் அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதித்தது.

இரண்டாம் காட்சி. அதே கத்தரிக்கோல், ஆனால் கருவில் அன்று, ஒப்புதல் தந்த நோயாளியின் குருதி மூல அணுக்களில்! அரிவாள் அணுச் சோகையை அறிவீர்களா? வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணு அரிவாளாய் வளையும், நாளத்தை அடைக்கும், உடலை வலியால் வாட்டும். இதற்கான 'காஸ்ஜெவி' சிகிச்சையை, சோதித்த பிறகே, 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் ஏற்றன. அறிவு வென்றது! விலையோ? அமெரிக்காவில் ஒருவருக்கு 22 இலட்சம் டாலர். அன்றைய மதிப்பில் 18 கோடி ரூபாய்!

எங்கோ உள்ளவர் நோய்தானே என்று எண்ணாதீர்கள். 1952-ஆம் ஆண்டிலேயே நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இது கண்டறியப்பட்டது. தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் தாய், 18 கோடிக்கு எங்கே போவாள்? 2047-க்குள் இந்நோயை ஒழிப்போம் என்று 2023-இல் இயக்கம் தொடங்கியது இந்திய அரசு. இரத்தத்தைச் சோதித்து அட்டை கொடுப்பது நன்று. அட்டை மட்டும் நோயைத் தீர்க்குமா?

முதற் காட்சியில் சட்டம் பிந்தியது. இரண்டாம் காட்சியில் பாதி வழியில் நின்றது, "தீங்கற்றதா?" என்று கேட்டது, "ஏழைக்கும் எட்டுமா?" என்று கேட்க மறந்தது.

முடியாத காரியமா அது? 2025 ஜனவரியில் இங்கிலாந்தின் பொது மருத்துவத் துறை, உற்பத்தியாளரோடு விலை பேசி, தகுதியுள்ள நோயாளிகளுக்குப் பொதுச் செலவிலேயே இதை அளிக்க முன்வந்தது. மனமிருந்தது, வழி பிறந்தது!

ஆதலால் தோழர்களே, புதிய மருத்துவம் வரும்போதெல்லாம் இரு கேள்விகளையும் சேர்த்தே கேளுங்கள். முதற் கேள்வியை மறந்தால் மனிதன் சோதனை எலியாவான். இரண்டாவதை மறந்தால் உயிரும் ஏலப் பொருளாகும்.