பெயர் பொறிக்காத வண்டி
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



2024ஆம் ஆண்டு விழாவின் முடிவில், இலை போடுவதற்குச் சற்று முன்னர், இம்மண்டபத்தில் ஒரு துண்டை ஏந்தி வரிசை வரிசையாக வந்தோம். நம் உறுப்பினர் ஒருவரின் மகள், பதினேழு வயதுப் பெண், மிதிவண்டிப் பந்தயத்தில் ஓடுவதற்கு ஒரு வண்டி வேண்டும் என்று கேட்டோம். தாங்கள் மறுக்கவில்லை. அன்றும் அடுத்த இரு வாரங்களிலுமாகச் சேர்ந்த தொகை 1,36,000 ரூபாய். ஆயின் அப்பெண் எந்தப் பந்தயத்தைக் கருதித் தாங்கள் கொடுத்தீர்களோ அப்பந்தயத்தில் அவள் ஓடவில்லை. அது ஏன் என்பதைத் தங்கள்முன் வைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். நாங்கள் என்பது மூவர்: பிம்ப்ரியில் லேத் பட்டறையில் முப்பத்தைந்து ஆண்டு நின்று ஓய்வு பெற்ற அண்ணாச்சி, வங்கியில் கணக்கு எழுதிப் பழகிய ஒருவர், இவ்வுரையைப் படிக்கும் பொறுப்புத் தலையில் விழுந்த ஒருவர்.

நம்மில் பெரும்பாலோருக்கு மிதிவண்டி என்றால் வேறொரு பொருள். 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய பிறகு சென்னைப் பக்கத்திலிருந்து வந்த ஹெர்குலிஸ் வண்டியிலும், பின்னாளில் பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். வண்டியிலும் ஏறி வளர்ந்தவர்கள் நாம். புனேவுக்கு வந்தபோது இந்நகரமும் மிதிவண்டிகளின் நகரமாகவே இருந்தது. ஆலைச் சங்கு ஊதினால் சாலை முழுதும் மணியோசைதான். அந்த இரும்பு வண்டி இருபது கிலோவை ஒட்டி நிற்கும். அதில் ஒரு மூட்டை அரிசியும் ஒரு மாமியும் ஏறலாம். பந்தய வண்டியோ எட்டுக் கிலோ. அனைத்துலகச் சங்கம் 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாதென்று வரம்பே கட்டியிருக்கிறது. சிம்மகட மலையேற்றத்தில் அந்தப் பன்னிரண்டு கிலோ வேறுபாடு என்ன செய்யும் என்பதை அதில் ஏறியவர் அறிவர்.

பெயர் பெற்ற நிறுவனத்தின் கார்பன் வண்டிக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் விலை சொன்னார்கள். நம் கையில் அது இல்லை. அப்போது வங்கிக்காரர்தாம் பெயரில்லாச் சட்டகத்தைப் பற்றிச் சொன்னார். உலகில் ஓடும் கார்பன் சட்டகங்களில் மிகப் பெரும்பகுதி தைவானிலும் சீனத்திலும் வார்க்கப்படுகிறது. அங்குள்ள சில ஆலைகள் தம் சொந்த அச்சில் வார்த்த சட்டகத்தை, எந்தப் பெயரும் எழுதாமல், கேட்பவர்க்கெல்லாம் விற்கின்றன. வாங்குகிற கடைக்காரர் தம் பெயரை ஒட்டிக்கொள்ளலாம், ஒட்டாமலும் விடலாம். ‘பெரிய நிறுவனத்துக்குச் செய்யும் அதே ஆலைதான் இது’ என்று விற்பவர் எல்லாரும் சொல்லுவர். அதை நாங்கள் நம்பவில்லை. தங்களையும் நம்பச் சொல்லமாட்டோம்.

கரியிழை என்பது நூல். அதன் அடர்த்தி எஃகில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. இழுவலிமையோ சாதாரண எஃகை விடப் பல மடங்கு. அந்நூலைப் பிசினில் தோய்த்து நாடாவாக்கி, துண்டு துண்டாக வெட்டி, எந்தத் துண்டு எந்தத் திசையில் எந்த இடத்தில் எத்தனை அடுக்கு என்று கணக்கிட்டுக் கையால் அடுக்குகிறார்கள். உள்ளே ஒரு பையை வைத்துக் காற்றை ஊதி, அச்சில் அழுத்திச் சூடேற்றுகிறார்கள். ஆகவே நூல் எவ்வளவு நல்லதாயினும், அடுக்கிய கையில் ஒரு மடிப்பு விழுந்தால் போயிற்று. சட்டகத்தின் மேல் ‘டி700’ என்று ஒட்டியிருந்த சீட்டைக் கண்டு அண்ணாச்சி சிரித்தார். நல்ல பஞ்சு வாங்கியவனெல்லாம் நல்ல நெசவாளி ஆகிவிடுவானா என்று கேட்டார். அவர் தந்தையார் தறிக்காரர்.

எனவே விலையைக் கேட்குமுன் இரண்டு கேள்விகள் கேட்டோம். ஐ.எஸ்.ஓ. 4210 என்னும் பாதுகாப்பு நெறிப்படி இந்த அச்சைச் சோதித்த அறிக்கை உண்டா? அந்நெறியில் மிதிவிசையை ஓர் இலட்சம் முறை மாற்றி மாற்றிக் கொடுத்துச் சட்டகம் விரிசல் காண்கிறதா என்று பார்க்கிறார்கள். அடுத்த கேள்வி: மிதியச்சு உட்காரும் துளையில் மரை உண்டா? மரையில்லாமல் அழுத்தி ஏற்றும் வகை இப்போது மிகுதி. துளை இம்மியளவு வட்டம் தவறினாலும் அவ்வகை மிதிக்கு மிதி முனகும். பழைய பி.எஸ்.ஏ. மரை 68 மில்லிமீட்டர் அகலம். வலப்பக்கக் கப் இடமரை, இடப்பக்கக் கப் வலமரை. மிதிக்க மிதிக்கக் கப் கழன்று வராமலிருக்க யாரோ ஒரு பழங்காலத்து ஆங்கிலேய மெக்கானிக் செய்த ஏற்பாடு. பெயரில்லாச் சட்டகத்தில் மரை இருக்கக் கண்டதும் அண்ணாச்சிக்கு ஊர்க்காரர் ஒருவரைக் கண்டது போலாயிற்று.

பெட்டி வந்தது. சட்டகம் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். முன்கவை, அதாவது கடைக்காரர் ஃபோர்க் என்பது, நானூறு கிராம். அப்பெண் சட்டகத்தை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வந்தாள். பந்தயத்துக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

முன்கவையின் தண்டை ஆளின் உயரத்துக்குத் தக்கவாறு அறுக்க வேண்டும். அறுத்துவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆகவே அறுக்குமுன் அங்குலம் அங்குலமாகப் பார்த்தோம். ஒரு நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் கணீரென்னும். உள்ளே அடுக்கு பிரிந்த இடத்தில் மந்தமாக ஒலிக்கும். இடப்பக்கக் காலில், தண்டு சேரும் இடத்துக்குக் கீழே இரண்டு விரற்கடை, ஒலி மந்தமாயிருந்தது. வலப்பக்கத்தில் அதே இடம் கணீரென்றது. தண்டினுள்ளே விளக்கடித்துப் பார்த்தபோது அதே பக்கம் ஒரு மடிப்பும் தெரிந்தது.

இங்கே உண்மையை உள்ளபடி சொல்ல வேண்டும். நாணயச் சோதனை முடிந்த முடிபன்று. சுவர் தடித்த இடமும், சாயம் கனத்த இடமும், ஒட்டுப் போட்ட இடமும் அவ்வாறே ஒலிக்கும். வங்கிக்காரர் அதைத்தான் சொன்னார். நாள் போய்விடுமே என்றார். அண்ணாச்சி, இரும்பாயின் வளைந்து காட்டும், நெளிந்து சத்தமிடும், நாம் இறங்கிக்கொள்ளலாம். இது சொல்லாமல் முறியும் சாதி, மலையிறக்கத்தில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் முன்கவை போனால் பிள்ளை என்னாவாள் என்றார். இரவு பதினொரு மணிவரை வாதம் நடந்தது. முடிவில் பூட்டுவதில்லை என்று முடிவு செய்தோம். இருவர் ஒப்பினர், ஒருவர் அரைமனத்தோடு ஒப்பினார்.

மறுநாள் அப்பெண்ணிடம் சொன்னோம். அவள் அழவில்லை. “மாமா, ஓடப் போவது நான்தானே? நான் பயப்படவில்லையே, நீங்கள் ஏன் பயப்படுகிறீர்கள்?” என்றாள். எங்களிடம் விடையில்லை. ஒன்பது நாள் அவள் பட்டறைப் பக்கம் வரவில்லை. அவள் தந்தையார், நம் சங்கத்து விழாக்களில் சமையலுக்கு நிற்பவர், ஒரு மாலை வந்து ஒன்றும் பேசாமல் தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

விற்றவர் முதலில் வெறும் சாயக் குறை என்று எழுதினார். படங்களும் தட்டிய ஒலியும் அனுப்பினோம். பின்னர் வேறு முன்கவை தருவதாக ஒப்பினார். அனுப்புஞ் செலவு எம்முடையது. பழையதைத் திருப்பியனுப்ப வேண்டா, குறுக்கே அறுத்துப் படம் அனுப்பினால் போதும் என்றார். அறுக்கும் நாளில் அப்பெண்ணை அழைத்தோம். முகத்தை வேறுபுறம் திருப்பிக்கொண்டு வந்தாள். மூக்கில் துணி கட்டி, தூசி பறக்காமலிருக்க நீர் தெளித்து, அண்ணாச்சி இரும்பறுக்கும் வாளை மந்தமாக ஒலித்த இடத்திலேயே வைத்தார். உள்ளே அடுக்குகளுக்கு இடையே புளியங்கொட்டையளவு வெற்றிடம். அதில் ஊதுபையின் கிழிந்த துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அது பந்தய நாளில் முறிந்திருக்குமா, பத்தாண்டு உழைத்திருக்குமா என்று எவராலும் சொல்ல முடியாது. அப்பெண் அத்துண்டை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். பிறகு, “மாமா, வீலுக்கு டயர் ஏற்றலாமா?” என்றாள்.

புதிய முன்கவை வந்து சேர ஐந்து வாரமாயிற்று. இடையே பந்தயம் நடந்து முடிந்தது. இம்முறை தட்டியவள் அவளே. மூன்று முறை தட்டினாள்.

எஞ்சிய வேலைகளை விரைந்து சொல்லிவிடுகிறோம். தண்டை அறுத்து, வெட்டுவாயை உப்புத்தாளால் தேய்த்து, உள்ளே விரியும் அடைப்பை வைத்தோம். இரும்புத் தண்டுக்கு அடிக்கும் நட்சத்திர ஆணி கார்பனைக் கிழித்துவிடும். கியர், பிரேக் எல்லாம் மின்கியருக்கு மாறிய ஒருவரிடம் வாங்கிய ஷிமானோ 105, பதினொரு பல்சக்கரம். பிரேக் எண்ணெயில் குமிழி போக்க இரண்டு மாலைகள் போயின. ஆணிகளை முறுக்குவிசை காட்டும் ஸ்பேனரால் மட்டுமே முறுக்கினோம். பெரும்பாலானவை 5 நியூட்டன் மீட்டர். அதாவது ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் அரைக் கிலோ தொங்கவிட்ட அளவு. நாற்பதாண்டு ஆணி முறுக்கிய கைக்கு அது முறுக்கியதாகவே தோன்றாது. அண்ணாச்சியின் கையை இருமுறை பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

கணக்கு: சட்டகமும் முன்கவையும் 42,000, சுங்கமும் அனுப்புஞ் செலவும் 16,000, கியர், பிரேக் 35,000, சக்கரங்கள் 18,000, ஹேண்டில்பார், சீட், டயர் முதலியன 14,000, கருவிகள் 6,500, இரண்டாம் முன்கவை வந்த செலவு 4,100. ஆக 1,35,600 ரூபாய். மீதி 400 ரூபாயைப் பொருளாளரிடம் செலுத்திவிட்டோம். கருவிகள் சங்கத்தின் உடைமை. எவரும் இரவல் கேட்கலாம். முறுக்குவிசை ஸ்பேனரைச் சுத்தியலாகப் பயன்படுத்துவோர் கேட்க வேண்டா.

வண்டி 8.4 கிலோ நிற்கிறது. 2025 ஏப்ரல் முதல் அதில் அவள் விடியற்காலையில் கடக்வாசலா அணை வரை போய் வருகிறாள், ஞாயிறுகளில் சிம்மகடம். மாதம் ஒரு முறை பட்டறையில் சக்கரத்தைக் கழற்றி நாணயத்தால் தட்டிப் பார்ப்பது அவளுக்கு இப்போது வழக்கமாகிவிட்டது. தவறிப்போன பந்தயத்தில் அவள் என்ன இடம் பெற்றிருப்பாள் என்று நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அடுத்த பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள்.

வண்டியை மண்டப வாயிலில், சந்தனக் கும்பாவுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறோம். விழா முடிந்ததும் ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். குழந்தைகளை அதன் மேல்குழாயில் மட்டும் உட்கார வைக்க வேண்டா. நம் ஊர்ப் பழக்கம் அது, ஆனால் அந்தக் குழாய் அதற்காக அடுக்கியதன்று. சாப்பாட்டுப் பந்திக்கு நேரமாகிவிட்டதென்று அதோ சமையற்கட்டிலிருந்து அவள் தந்தையார் கைகாட்டுகிறார்.