கடைச் சுவரில் தொங்கும் வைஃபை பெட்டி

(பண்ணைப்புரத்தில் நமது அறக்கட்டளை கூட்டிய சிறு வியாபாரிகள் கூட்டத்தில் பேசியது)



ஷட்டருக்கு இரண்டு பூட்டுப் போடுகிறோம். கல்லாச் சாவியை இடுப்பிலேயே வைத்திருக்கிறோம். ஆனால் இன்டர்நெட் லைன் கொடுத்தவர் சுவரில் மாட்டிவிட்டுப் போன ரூட்டரை அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. லைன் கட்டானால்தான் அதன் ஞாபகம் வரும். எங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான் இருந்தது. அதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

போன வருடம் கல்வி உதவி மனுக்கள் வந்துகொண்டிருந்த நேரம். அலுவலகக் கம்ப்யூட்டரில் பேங்க் பக்கத்தைத் திறந்தால், பாதுகாப்பு இல்லை என்று எச்சரிக்கை வந்தது. வைரஸ் என்று நினைத்து கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்தோம். மறுநாளும் அதே கதை. செல்போனை அதே வைஃபையில் போட்டால் அதிலும் அப்படியே. மொபைல் டேட்டாவில் போட்டால் ஒழுங்காக வந்தது. அப்போதுதான் கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை, பெட்டியில் என்று புரிந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் பெயர் ‘அட்மின்’, பாஸ்வேர்டும் ‘அட்மின்’. மாட்டிய அன்றிலிருந்து அதுதான்.

பணம் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் உதவி கேட்டு வந்த விதவைகளின் ஆதார் நகல்கள் இருந்தன, பிள்ளைகளின் மார்க் ஷீட்டுகள் இருந்தன, பேங்க் கணக்கு எண்கள் இருந்தன. எல்லாம் நம்மை நம்பிக் கொடுத்த அமானிதம். யாராவது எடுத்தார்களா என்று உறுதியாகச் சொல்ல எங்களால் முடியவில்லை. அதனால் வீடு வீடாகப் போய் உரியவர்களிடம் நடந்ததைச் சொன்னோம். யாரும் கோபப்படவில்லை. அதுதான் எங்களுக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

நடந்தது இதுதான். ஒரு தளத்தின் பெயரை நாம் டைப் செய்தால், அதன் எண் முகவரி எது என்று டிஎன்எஸ் என்ற சர்வரிடம் கேட்க வேண்டும். யாரிடம் கேட்பது என்பது ரூட்டருக்குள் எழுதியிருக்கிறது. அந்த இடத்தில் திருடன் தன் ஆளின் முகவரியை எழுதிவிட்டால், உத்தமபாளையம் போகக் கேட்டவரைத் தேவாரம் பஸ்ஸில் ஏற்றிவிடலாம். 2014-இல் இப்படி டிஎன்எஸ் மாற்றப்பட்ட சுமார் 3 லட்சம் ரூட்டர்களை டீம் சிம்ரு என்ற ஆய்வு நிறுவனம் கண்டுபிடித்தது. அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

‘ஏலக்காய்க் கடையில் வந்து எவன் மச்சான் திருடப் போறான்?’ என்று ஒருவர் எங்களிடம் கேட்டார். நம் கடையை யாரும் தேடி வருவதில்லை என்பது உண்மைதான். ஒரு புரோகிராமை ஏவிவிடுகிறார்கள். அது இரவு பகலாக ஒவ்வொரு கதவாகத் தட்டி, ‘அட்மின்’ என்று சொல்லிப் பார்க்கிறது. திறந்த கதவுக்குள் போய்விடுகிறது. 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வாடிக்கையாளர்களுக்கு நேர்ந்தது இதுதான். பழைய பாஸ்வேர்டை மாற்றாத மோடங்களுக்குள் புகுந்து அவற்றை முடக்கிவிட்டது ஒரு வைரஸ். பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று அந்த நிறுவனமே கேட்டுக்கொண்டது.

பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது. சிறு வியாபாரத்துக்கென்று சிஸ்கோ விற்ற ஆர்வி016, ஆர்வி042, ஆர்வி082 ஆகிய ரூட்டர்களில், பாஸ்வேர்டே இல்லாமல் நுழையும் ஓட்டை இருப்பதாக 2023 ஜனவரியில் அந்த நிறுவனமே அறிவித்தது. அவை காலம் முடிந்த மாடல்கள், அதனால் திருத்தம் வராது என்றும் சொல்லிவிட்டது. நல்ல கம்பெனிப் பெட்டிதான், லைட்டும் எரிகிறது, ஆனால் ஓட்டையை அடைக்க ஆள் இல்லை. இப்படிப்பட்ட பெட்டியை மாற்றத்தான் வேண்டும். மாற்றும்வரை, வெளியிலிருந்து பெட்டிக்குள் நுழையும் ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ வசதியை அணைத்து வைக்க வேண்டும். நம் ஊரில் எத்தனை கடைக்கு அது தேவை? எங்களுக்குத் தெரிந்து ஒன்றுக்கும் இல்லை. எந்த ரூட்டர் வைத்திருந்தாலும் அணைத்துவிடுங்கள்.

பெட்டிக்கு அடியில் ஸ்டிக்கர் இருக்கும். மாடல் பெயரும் உள்ளே போகும் முகவரியும் அதில் இருக்கும். வைஃபை பாஸ்வேர்ட் வேறு, பெட்டிக்குள் நுழையும் பாஸ்வேர்ட் வேறு. பலர் முதலாவதை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று இருக்கிறார்கள். இரண்டையும் மாற்றுங்கள். கடைப் பெயரும் செல் நம்பரும் வேண்டாம், அவை போர்டிலேயே இருக்கின்றன. பெட்டியின் சாஃப்ட்வேருக்கு அப்டேட் வந்திருந்தால் போட்டுவிடுங்கள். வாடிக்கையாளர் வைஃபை கேட்டால் ‘கெஸ்ட்’ லைனைக் கொடுங்கள், பில் போடும் கம்ப்யூட்டர் இருக்கும் லைனைக் கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

இதெல்லாம் கையில் வராது என்று நினைப்பவர்கள், ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொண்டு ஞாயிறு அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள். மாடல் பழையதா என்று பார்த்துச் சொல்கிறோம். அந்த ஸ்டிக்கரில் பாஸ்வேர்டும் இருந்தால் விரலால் மறைத்துப் போட்டோ எடுங்கள். பையன்களைக் கடைக்கும் அனுப்புகிறோம். வீட்டில் தையல் கடை நடத்தும் சகோதரிகளுக்கு நம் பெண்கள் வருவார்கள். புதுப் பாஸ்வேர்டை மட்டும் எங்களிடம் சொல்ல வேண்டாம். நீங்களே டைப் செய்யுங்கள், நாங்கள் திரும்பி நின்றுகொள்கிறோம்.