திரும்பச் சொல்லச் சொல்லாமல்

வானொலி கரகரத்து, ஒரு வாக்கியத்தில் 'வந்தாள்' என்ற கடைசிச் சொல் மட்டும் உங்கள் காதில் விழுகிறது என்று வையுங்கள். வந்தது ஒரு பெண் என்பது தெரிந்துவிடுகிறது. எழுவாய் காற்றில் போனாலும் வினைமுற்றின் விகுதி அதை இன்னொரு தரம் சொல்லிவிட்டது. கொஞ்சம் கூடுதலாகச் சொல்லி வைத்தால் தொலைந்ததை மீட்கலாம். பிழை திருத்தும் குறியீடுகளின் தொழிலும் இதுதான். எவ்வளவு கூடுதல் என்பதில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம்.

எல்லாவற்றையும் மூன்று முறை அனுப்பிப் பெரும்பான்மையை நம்புவது முரட்டு வழி. நான்கு பிட் செய்திக்கு எட்டு பிட் தண்டச் செலவு. பெல் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஹாமிங் வார இறுதியில் கணிப்பொறிக்கு வேலை கொடுத்துவிட்டுப் போவார். பிழை கண்டதும் அது கணக்கைக் கைவிட்டுவிடும். பிழை இருப்பது தெரிகிற இயந்திரத்துக்கு அது எங்கே என்று தெரியக் கூடாதா என்ற எரிச்சலில் பிறந்த குறியீட்டை 1950-இல் வெளியிட்டார். நான்கு பிட்டுக்கு மூன்றே காவல் பிட். மூன்று சோதனைகள், ஒவ்வொன்றுக்கும் சரி, தவறு என இரண்டு விடை. ஆக எட்டு விதம். ஏழு பிட்டில் எது கெட்டது என்று சொல்ல ஏழு, எதுவும் கெடவில்லை என்று சொல்ல ஒன்று. ஒரு துளிகூட வீணில்லை. எனக்கு இதைவிட அழகான கணக்கு நினைவுக்கு வரவில்லை.

ஆனால் இரண்டு பிட் கெட்டால் ஹாமிங் குறியீடு நல்லதாயிருக்கும் மூன்றாவதையும் 'திருத்தி'க் கெடுத்துவிடும். வழி தெரியாதவரிடம் வழி கேட்ட கதைதான்.

வாழ்க்கையில் இரைச்சலோ கொத்தாகத்தான் வருகிறது. குறுந்தகட்டில் கீறல் விழுந்தால் ஆயிரக்கணக்கான பிட்டுகள் சேர்ந்து போகும். இங்கேதான் 1960-இல் இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் இருவரும் தந்த முறை நிற்கிறது. இரண்டு புள்ளிகள் இருந்தால் ஒரு நேர்கோடு கிடைத்துவிடும். நான் வேண்டுமென்றே நான்கு புள்ளிகளாக அனுப்புகிறேன். வழியில் ஒன்று இடம் பெயர்ந்தாலும் மற்ற மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும். விலகியது தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். கோட்டுக்குப் பதில் வளைகோடுகளை வைத்துக்கொண்டால் ரீட்-சாலமன் குறியீடு. எட்டு பிட்டை ஒரே எண்ணாகப் பார்ப்பதால், அதில் ஒன்று கெட்டாலும் எட்டும் கெட்டாலும் அதற்கு ஒரே பிழைதான்.

வாயேஜர் விண்கலம் வியாழன், சனியைக் கடந்தபோது கோலே என்ற குறியீட்டைப் பயன்படுத்தியது. அதில் பாதி செய்தி, பாதி காவல். 1986-இல் யுரேனஸை எட்டியபோது ரீட்-சாலமனுக்கு மாறினார்கள்: 223 பைட் செய்திக்கு 32 பைட் காவல். 1977-இல் கலம் கிளம்பும்போதே அதற்கான கருவியைச் சோதனைக்கென்று ஏற்றியிருந்தார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து வருவதை 'மறுபடி சொல்லு' என்று கேட்க, போகவர ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

சிக்கனத்தில் ரீட்-சாலமனையும் மிஞ்சியது ராபர்ட் கேலகரின் குறியீடு. 1960-களின் தொடக்கத்தில் அவர் எழுதிவைத்ததைச் செய்துகாட்ட அன்றைய கணிப்பொறிகளுக்குத் தெம்பில்லை. முப்பது ஆண்டு தூசியில் கிடந்தது, இன்று 5ஜி கைபேசியில் நம் தரவைச் சுமக்கிறது. இரைச்சலுக்கு நடுவே பிழையின்றி எவ்வளவு அனுப்பலாம் என்று 1948-இல் கிளாட் ஷானன் போட்ட எல்லைக்கோட்டை ஏறத்தாழத் தொட்டுவிடுகிறது. திறமைக்கு மதிப்பெண் போடச் சொன்னால் கேலகருக்குத்தான் போடுவேன்.

மனம் என்னவோ ரீட்-சாலமன் பக்கமே சாய்கிறது. டீக்கடையில் பணம் கட்ட ஒட்டியிருக்கும் கியூஆர் சதுரத்துக்குள் இருப்பதும் அதுதான். காவலை உச்சத்தில் வைத்து அச்சடித்திருந்தால், உள்ளிருக்கும் தகவலில் சுமார் 30 சதவீதம் எண்ணெயிலும் கீறலிலும் போனாலும் கைபேசி படித்துவிடும். மூன்று மூலைகளில் இருக்கும் பெரிய கட்டங்களுக்கோ அந்தக் காவல் கிடையாது. கடைக்காரர் அங்கே ஆணி அடிக்காமல் இருந்தால் சரி.