சனியைப் பார்த்தால் கெடுதலா?

(நம் குடியிருப்பின் மொட்டைமாடியில் குழந்தைகளுக்காக நடந்த வான்நோக்கும் மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

மாடி விளக்குகளை ஒரு மணி நேரம் அணைத்துக் கொடுத்த சங்கத்துக்கு நன்றி.

தொலைநோக்கியைப் பொருத்திக்கொண்டிருந்தபோது ஒரு சிறுமி என் காதோரம் வந்து, "தாத்தா, சனியைப் பார்த்தா கெடுதல் வருமா? பார்க்கக் கூடாதுன்னு பாட்டி சொன்னாங்க" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டே பார்க்கத் தொடங்குவோம்.

முதலில் பெயர். வடமொழியில் சனைச்சரன் என்றால் மெதுவாகச் செல்பவன். மந்தன் என்றும் சொல்வார்கள். வெறும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் ஐந்து கோள்களில் மிக மெதுவாக நகர்வது இதுதான். சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 29½ ஆண்டுகள். வானத்துப் பாதையை 12 ராசிகளாகப் பிரித்தால், ஒரு ராசியைக் கடக்கச் சுமார் இரண்டரை ஆண்டு. மூன்று ராசிக்கு எவ்வளவு? ஏழரை! பாட்டி சொல்லும் ஏழரைச் சனியின் கணக்கு இதுதான். தொலைநோக்கி இல்லாத காலத்தில், இரவு இரவாக வானத்தைப் பார்த்தவர்கள் கண்ட கணக்கு. அவர்கள் சனியைப் பார்க்காமல் இருந்திருந்தால், பாட்டியின் பஞ்சாங்கத்தில் சனியே இருந்திருக்காது.

இனி, ஆளைப் பார்ப்போம். பூமியைவிட ஒன்பது மடங்கு அகலம். ஆனால் காலூன்ற அங்கே தரை கிடையாது. பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான். சராசரி அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. மந்தன் என்று பெயர் வாங்கினாலும், தன்னைத்தானே ஒருமுறை சுற்றப் பத்தரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம்தான் ஆகிறது. இதில் பூமிதான் மந்தன்!

1610-இல் கலிலியோ தன் சிறிய தொலைநோக்கியில் பார்த்தபோது, சனிக்கு இரண்டு பக்கமும் காது முளைத்ததுபோல் தெரிந்தது. 1612-இல் பார்த்தால் காதுகளைக் காணோம்! குழம்பிப் போனார். அது வளையம் என்றும், விளிம்பு நம் பக்கம் திரும்பும்போது கண்ணுக்குத் தெரியாது என்றும் 1659-இல் ஹைகன்ஸ் விளக்கினார். வளையம் என்பது தூசு அளவிலிருந்து வீடு அளவுவரை எண்ணற்ற பனிக்கட்டித் துண்டுகள். அகலம் இரண்டரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல். தடிமனோ பல இடங்களில் பத்து மீட்டர்தான். நம் மூன்றாவது மாடி உயரம்!

காசினி என்ற விண்கலம் 1997-இல் கிளம்பி, 2004-இல் சனியை அடைந்து, பதின்மூன்று ஆண்டுகள் அதைச் சுற்றியது. சனியின் நிலவுகளில் ஒன்றான என்செலடஸின் பனி ஓட்டுக்கு அடியில் கடல் இருப்பது அதனால் தெரியவந்தது. எரிபொருள் தீரும் வேளையில், 2017 செப்டம்பர் 15 அன்று, அதைச் சனிக்குள்ளேயே பாய்ச்சி எரித்துவிட்டார்கள். ஏன் தெரியுமா? அது என்றைக்காவது அந்த நிலவில் மோதி, இங்கிருந்து ஒட்டிக்கொண்டு போன கிருமிகள் அந்தக் கடலில் கலந்துவிடக் கூடாதே என்றுதான்.

சனியால் நமக்குக் கெடுதல் வருமா என்று நாம் கேட்கிறோம். நம்மால் அங்கே கெடுதல் வந்துவிடுமோ என்று அவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. கோபத்தில் பிள்ளைகளை "சனியனே" என்று திட்டுகிறோம். இன்று பார்த்த பிறகு அந்தச் சொல் வாயில் வருமா பாருங்கள்.

நான் பிறந்தபின் சனி இரண்டு சுற்று முடித்துவிட்டது. இன்று பத்து வயதாகும் நீங்கள், அது மீண்டும் இதே இடத்துக்கு வரும்போது நாற்பதைத் தொட்டிருப்பீர்கள். அன்றைக்கு உங்கள் பிள்ளைகளுக்கு யாராவது காட்ட வேண்டுமே? அதனால் இன்று நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்ட சிறுமிதான் முதலில். லிஃப்ட் வேலை செய்கிறது. பாட்டியையும் கூட்டிக்கொண்டு வாம்மா.