புது அல்காரிதம் எழுதியாச்சு, அப்புறம்?

(முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வடை பாயசத்தோடு விருந்து போட்டுவிட்டு, அதற்குப் பிறகு என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தூங்குகிறவர்கள் தாராளமாகத் தூங்கலாம். குறட்டை மட்டும் வேண்டாம், பக்கத்தில் இருப்பவருக்குக் காது கேட்க வேண்டும்.

காலையில் துறைத்தலைவர் நெட்வொர்க் சம்பந்தமான இறுதியாண்டு புராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் சிலவற்றை எனக்குக் காட்டினார். தலைப்பெல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: இன்னதற்கு ஒரு புதிய, திறன் மிகுந்த அல்காரிதம். உழைப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்தியது. எல்லா ரிப்போர்ட்டிலும் புது அல்காரிதம்தான் ஜெயிக்கிறது! ஒன்றுகூடத் தோற்கவில்லை. தோற்பதே இல்லாத போட்டி என்றால், அது போட்டிதானா என்று பார்க்க வேண்டாமா? அதைப்பற்றித்தான் பேசப் போகிறேன்.

நம் ஊர் ரயில்வே கேட்டை நினைத்துக் கொள்ளுங்கள். கேட் மூடியிருக்கிறது. முதலில் வந்தவர்கள் இடது பக்கம் ஒழுங்காக நிற்கிறார்கள். பின்னால் வரும் பைக்காரர் வலது பக்கம் காலியாக இருப்பதைப் பார்த்து அங்கே போய் முன்னால் நிற்கிறார். அவர் கணக்கு சரி, அவருக்கு லாபம்தான். அடுத்தவரும் அதையே செய்கிறார், ஆட்டோவும் வருகிறது. அந்தப் பக்கமும் இதே கதை. கேட் திறக்கிறது. இரண்டு பக்கமும் சாலை முழுக்க வண்டி, நேருக்கு நேர். ஹாரன் மட்டும் நகர்கிறது! ஒவ்வொருவரும் தனித்தனியாகப் புத்திசாலித்தனமாக நடந்து கொண்டதால்தான் இந்த நிலைமை.

1986 அக்டோபரில் இன்டர்நெட்டுக்கு நடந்தது இதுதான். கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகமும் பெர்க்லி பல்கலைக்கழகமும் அடுத்தடுத்து இருப்பவை. நடுவில் 400 கஜ தூரம். அவற்றுக்கிடையே விநாடிக்கு 32 கிலோபிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு, விநாடிக்கு 40 பிட்டுக்கு இறங்கிவிட்டது. கிலோ இல்லை, வெறும் 40 பிட். எழுதிய காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போயிருந்தால் சீக்கிரம் போய்ச் சேர்ந்திருக்கும். கம்பி அறுந்து போகவில்லை. அனுப்பிய பாக்கெட்டுக்குப் பதில் வரத் தாமதமானால், தொலைந்து போச்சு என்று நினைத்து ஒவ்வொரு கம்ப்யூட்டரும் மறுபடி அனுப்பியது. நெரிசல் அதிகமாக அதிகமாக மறுபடி அனுப்புவதும் அதிகமானது. அவ்வளவுதான்.

அந்த ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சன், மைக்கேல் கேரல்ஸோடு சேர்ந்து இதை ஆராய்ந்து, 1988-ல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். மெதுவாக ஆரம்பிப்பது, பதில் வரும் நேரத்தை அதன் ஏற்ற இறக்கத்தோடு சேர்த்துக் கணிப்பது, பாக்கெட் தொலைந்தால் வேகத்தைப் பாதியாகக் குறைப்பது என்று டிசிபியில் அவர்கள் சேர்த்த மாற்றங்களை உங்கள் பாடப்புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள். அதற்குள் நான் போகவில்லை. அந்தக் கட்டுரையில் சோதனை முடிவுகளை அவர்கள் எப்படிச் சொன்னார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஒரே இணைப்பில் நான்கு உரையாடல்கள். இணைப்பின் கொள்ளளவு விநாடிக்கு 25 கிலோபைட். நியாயமாகப் பார்த்தால் ஆளுக்கு 6 கிடைக்க வேண்டும். பழைய முறையில் ஒருவருக்கு 8, இரண்டு பேருக்கு 5, ஒருவருக்கு வெறும் அரை. மீதி 6 கிலோபைட் காற்றில் கரைந்துவிட்டது. அனுப்பிய 11,000 பாக்கெட்டில் 4,000 மறுபடி அனுப்பியவை. புது முறையில் 8,281 பாக்கெட்டில் 89 மட்டுமே மறுபடி அனுப்பியவை. நம்ம பையனாக இருந்தால் இங்கேயே முற்றுப்புள்ளி வைத்து, "ஆகவே எமது அல்காரிதம் மிகச் சிறந்தது" என்று முடித்திருப்பான். அவர்கள் அப்படி முடிக்கவில்லை. புது முறையிலும் இரண்டு பேருக்கு 8, இரண்டு பேருக்கு 4.5 தான் கிடைத்தது என்பதை மறைக்காமல் எழுதி, ஏன் என்றும் தேடினார்கள். குறைவாகக் கிடைத்தவர்களின் எதிர்முனையில் இருந்த கம்ப்யூட்டர்கள் பதிலைத் தாமதித்து அனுப்பும் பழைய வகை என்பது தெரிய வந்தது. வெற்றி பெற்ற படத்திலேயே எது சரியாக வரவில்லை என்று நோண்டிப் பார்த்திருக்கிறார்கள். அந்த நான்கு எண்களை நம்பலாம் என்று எனக்குத் தோன்றுவதற்கு அதுதான் காரணம்.

இந்த எண்களை வைத்து ஒரு கணக்குப் போடலாம், பேப்பர் இருந்தால் எடுங்கள். ராஜ் ஜெயின், டா-மிங் சியூ, வில்லியம் ஹாவே மூவரும் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் இருந்தபோது 1984-ல் பங்கீட்டின் நியாயத்தை அளக்க ஓர் அளவுகோல் கொடுத்தார்கள். எல்லாப் பங்குகளையும் கூட்டி வர்க்கம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு பங்கையும் வர்க்கமாக்கிக் கூட்டி, ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். எல்லோருக்கும் சமமாக இருந்தால் 1 வரும். நான்கு பேரில் ஒருவரே எல்லாவற்றையும் விழுங்கினால் 0.25. பழைய முறைக்குப் போட்டால் சுமார் 0.75, புது முறைக்கு 0.93. மொத்தம் 18.5-லிருந்து 25 ஆனது, நியாயமும் கூடியது. ஒரே ஒரு எண்ணை வைத்து, "இத்தனை சதவீதம் மேம்பாடு" என்று சொன்னால் இதில் பாதிதான் தெரியும்.

பாக்கெட் தொலைந்தால் ஏன் பாதியாகக் குறைக்க வேண்டும், கொஞ்சமாகக் குறைத்தால் ஆகாதா என்று ஒரு தங்கை மனதுக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. சியூவும் ஜெயினும் 1989-ல் இதற்கு விடை சொன்னார்கள். இணைப்பின் கொள்ளளவு 20 என்று வையுங்கள். ஒருவர் 16 எடுக்கிறார், இன்னொருவர் 4. வித்தியாசம் 12. நெரிசல் வந்ததும் இருவரும் பாதியாக்குகிறார்கள்: 8, 2. வித்தியாசம் 6 ஆகிவிட்டது. பிறகு இருவரும் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகிறார்கள்: 13, 7. மறுபடி நெரிசல், மறுபடி பாதி: 6.5, 3.5. வித்தியாசம் 3. அடுத்த தடவை ஒன்றரை. யாரும் யாரோடும் பேசவில்லை, மேலே அதிகாரி ஒருவரும் இல்லை, தானாகவே சமத்துக்கு வருகிறது. கூட்டுவதும் கழிப்பதும் ஒவ்வொன்றாகவே இருந்திருந்தால் அந்த 12 அப்படியே நிற்கும். இரண்டு மடங்காக ஏற்றிப் பாதியாக இறக்கினால், 16-க்கு 4 என்ற விகிதம் கடைசிவரை மாறாது. ஸ்கூல் பையன் போடக்கூடிய கணக்கு. இன்டர்நெட் இதன்மேல்தான் நடந்தது.

இனி கொஞ்சம் சங்கடமான இடத்துக்கு வருவோம். 1994-ல் அரிசோனா பல்கலைக்கழகத்திலிருந்து வேகாஸ் என்ற முறை வந்தது. பாக்கெட் தொலையும் வரை காத்திருக்காமல், தாமதம் ஏறத் தொடங்கியதுமே வேகத்தைக் குறைக்கும். அப்போது புழக்கத்தில் இருந்த ரெனோவைவிட 40 முதல் 70 சதவீதம் அதிக வேகம், இழப்பும் குறைவு என்று காட்டினார்கள். காட்டியது பொய்யில்லை. ஆனால் ஒரே இணைப்பில் ரெனோவும் வேகாஸும் சேர்ந்து ஓடினால் என்ன ஆகும்? ரெனோ வரிசையை நிரப்பிக்கொண்டே போகும். வேகாஸ் தாமதத்தைப் பார்த்து, "ஐயா, கூட்டமாக இருக்கிறதே" என்று ஒதுங்கும். ஒதுங்க ஒதுங்க ரெனோ அந்த இடத்தையும் பிடித்துக்கொள்ளும். டவுன் பஸ்ஸில் மரியாதையாக நிற்பவருக்குக் கிடைக்கும் இடம்தான் வேகாஸுக்கும் கிடைக்கும்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 2016-ல் கூகுள் பிபிஆர் என்ற முறையை வெளியிட்டது. அதை உருவாக்கியவர்களில் அதே வான் ஜேக்கப்சனும் ஒருவர். இணைப்பின் வேகத்தையும் குறைந்தபட்ச தாமதத்தையும் தானே அளந்து ஓடும் அருமையான முறை. யூடியூபில் போட்டுப் பார்த்தார்கள், பலன் தெரிந்தது. 2019-ல் வேறு ஆய்வாளர்கள் ஒரு பிபிஆர் இணைப்பைப் பழைய முறை இணைப்புகள் பதினாறு வரை கூடவிட்டு ஓட்டிப் பார்த்தார்கள். எதிரில் எத்தனை பேர் இருந்தாலும் அந்த ஒன்று மட்டும் 40 சதவீதத்தை எடுத்துக்கொள்ளக் கூடும் என்று தெரிந்தது. பிறகு இரண்டாவது, மூன்றாவது பதிப்புகள் வந்தன. கூகுள் மாதிரி இடத்திலேயே இப்படி என்றால், ஒரு செமஸ்டரில் எழுதிய நம் அல்காரிதத்தைத் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டுப் பட்டம் கட்டலாமா? பக்கத்து வீட்டுக்காரரின் வீடியோ கால் அறுந்து போவதால் நம் டவுன்லோட் வேகமாகிறது என்றால், அதற்கு மேம்பாடு என்று பெயர் வைக்கக் கூடாது.

சிமுலேஷன் பற்றியும் சொல்ல வேண்டும். 1992-ல் சாலி ஃபிளாய்டும் ஜேக்கப்சனும் காட்டிய வேடிக்கை ஒன்று. சிமுலேஷனில் எல்லாம் கடிகாரம்போல ஒழுங்காக நடப்பதால், இரண்டு இணைப்புகளின் பாக்கெட்டுகள் ஒரே தாளத்தில் வந்து சேரும். வரிசை நிரம்பியிருக்கும் நொடியில் எப்போதும் ஒருவருடைய பாக்கெட்டே வந்து மாட்டும். தாமதத்தைச் சிறிதளவு மாற்றினால் தோற்றவர் ஜெயிப்பார், ஜெயித்தவர் பட்டினி. அல்காரிதத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை! கொஞ்சம் தற்செயலைக் கலந்துவிட்டால் இந்த மாயம் மறைகிறது. அதனால்தான் ஒரு தடவை ஓட்டி ஒரு படம் போடுவது போதாது என்கிறேன். தொடக்க எண்ணை மாற்றி மாற்றிக் குறைந்தது பத்துப் பதினைந்து தடவை ஓட்டுங்கள், சராசரியோடு ஏற்ற இறக்கத்தையும் போடுங்கள். உங்கள் வெற்றி 6 சதவீதம், ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுவது 10 சதவீதம் என்றால், சொல்வதற்கு உங்களிடம் ஒன்றுமில்லை.

பாரமும் அப்படித்தான். வரிசைக் கோட்பாட்டின் எளிய சூத்திரப்படி இணைப்பு பாதி நிரம்பியிருந்தால் மொத்தக் காத்திருப்பு 2 மடங்கு. 90 சதவீதம் நிரம்பினால் 10 மடங்கு. 95 என்றால் 20. பாதிப் பாரத்தில் எந்த அல்காரிதமும் நல்ல பிள்ளைதான். குணம் தெரிவது 90-க்கு மேலே. நான் பார்த்த ரிப்போர்ட் ஒன்றில் பாரம் எவ்வளவு என்றே எழுதவில்லை.

போட்டிக்கு யாரை நிறுத்துகிறோம் என்பதும் முக்கியம். 2006 முதல் லினக்ஸில் கியூபிக் என்ற முறை இருப்பாக வருகிறது. இன்றைக்கும் 1990-ன் ரெனோவோடு மட்டும் மோதி ஜெயித்தேன் என்பது, தாத்தாவோடு ஓட்டப்பந்தயம் ஓடிக் கோப்பை வாங்குவது. நம் அல்காரிதத்தின் அளவுகளை ஒரு மாதம் திருகித் திருகிச் சரிசெய்துவிட்டு எதிராளியை அப்படியே விடுவதும் அந்த வகைதான்.

நம் ஐஐடி மெட்ராஸில் படித்த ஹரி பாலகிருஷ்ணனும் கீத் வின்ஸ்டீனும் எம்ஐடியில் 2013-ல் ரெமி என்று ஒன்று செய்தார்கள். நெட்வொர்க் எப்படி இருக்கும் என்ற அனுமானத்தைக் கொடுத்தால் கம்ப்யூட்டரே அல்காரிதத்தை வடிவமைக்கும். மனிதர் எழுதியதைவிட நன்றாக ஓடியது. அதோடு, அனுமானித்த எல்லைக்கு வெளியே போனால் என்ன ஆகிறது, எங்கே மங்குகிறது என்பதையும் ஓட்டிக் காட்டினார்கள். எனக்கு அந்தப் படம்தான் மிகவும் பிடித்தது.

ஆசிரியர்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். "எங்கள் அல்காரிதம் இந்த மூன்று நிலைமையில் தோற்றது, காரணம் இது" என்று எழுதி வரும் மாணவனுக்கு முழு மார்க் போடுங்கள். தோற்றால் மார்க் போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை எல்லா ரிப்போர்ட்டிலும் வெற்றிதான் வரும். பாவம், பிள்ளைகள் வேறென்ன செய்வார்கள்?

வசதி இல்லை என்று சொல்லாதீர்கள். லேபில் ஓரமாகக் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் மூன்று போதும். மூன்றிலும் லினக்ஸ், நடுவில் இருப்பது ரூட்டர். லினக்ஸோடு வரும் நெட்எம் வசதியை வைத்து அந்த ரூட்டரில் வேகத்தை 10 மெகாபிட் ஆக்குங்கள், போய்வரும் தாமதத்தை 100 மில்லிவிநாடி ஆக்குங்கள். அந்தக் குழாயில் ஒரு நேரத்தில் 125 கிலோபைட் நிற்கும். 1,500 பைட் பாக்கெட் என்றால் சுமார் 83. இப்போது ரூட்டரின் வரிசையை முதலில் 20 பாக்கெட், பிறகு 80, பிறகு 800 என்று வைத்துப் பாருங்கள். 800 வைத்தால் வரிசை நிரம்பும்போது கடைசி பாக்கெட் கிட்டத்தட்ட ஒரு விநாடி காத்திருக்கும். மூன்றிலும் உங்கள் முறையைத் தனியாக ஓட்டுங்கள், கியூபிக்கோடு ஓட்டுங்கள், பிபிஆரோடு ஓட்டுங்கள். ஒரு வாரத்து வேலை. எங்கள் செட்டில் இரண்டு பேர் பழைய மெஷின் தருவதாகச் சாப்பாட்டுப் பந்தியிலேயே ஒப்புக்கொண்டார்கள், பெயரைத் துறைத்தலைவரிடம் கொடுத்துவிட்டேன். இனி அவர்கள் தப்பிக்க முடியாது.

கேள்விகள் இருந்தால் டீ வருவதற்குள் கேளுங்கள்.