பலா மரப் பலகையும் சரியான பிட்டும்
(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)

வாசிப்பு அறையில் போட்டிருக்கும் மேஜையைப் பற்றிப் பேசச் சொல்லிச் செயலாளர் கேட்டார். நான் தச்சன் இல்லை. ஓய்வுபெற்ற பிறகு பொழுதுபோக்காகக் கற்றுக்கொண்டவன். அதனால் தப்பு செய்தவன் சொல்லும் பாடமாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் மேல்பட்டாம்பாக்கம். நெல்லிக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் நடுவில் இருக்கிறது. பண்ருட்டிப் பலாப்பழம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பக்கத்துப் பலா மரம் மிருதங்கக் கட்டைக்கும் பேர்போனது. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கரையைக் கடந்தபோது, கடலூர் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. எங்கள் கொல்லையில் நின்ற பலாவும் விழுந்தது. அப்பா அதை விறகுக்குப் போட மனமில்லாமல், மர மில்லில் அறுத்து இரண்டு பெரிய பலகைகளாகக் கொட்டகையில் அடுக்கி வைத்தார். அவர் போன பிறகுதான் அவை என் கைக்கு வந்தன. ஆறடி நீளம், இரண்டடி அகலம். ஆண்டுக்கணக்கில் காய்ந்ததில் இரண்டும் முறுக்கிக்கொண்டிருந்தன.

இவ்வளவு அகலமான பலகையை இழைப்புளியால் சமன் செய்ய நல்ல தச்சரின் கை வேண்டும். என்னைப் போன்றவருக்கு ரூட்டர் மிஷின்தான் வழி. வைஃபை ரவுட்டர் என்று நினைத்துவிடாதீர்கள்! இது வேகமாகச் சுழலும் பிட்டால் மரத்தைச் சீவும் கருவி. பலகையின் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இரண்டு சட்டங்களை நிறுத்தி, அவற்றின் மேல் நகரும் ஒரு தொட்டிலில் ரூட்டரை உட்கார வைக்க வேண்டும். பலகை எப்படி வளைந்திருந்தாலும், பிட் சட்டங்களின் மட்டத்திலேயே ஓடும். பலகை ஆடாமல் இருக்க அடியில் ஆப்பு வைக்க வேண்டும்.

முதல் பலகையைப் பாழாக்கியது நான்தான். கையில் ஒரு சின்ன டிரிம்மர், அதில் 12 மி.மீ. நேர் பிட். அந்தப் பிட்டின் தண்டு 6 மி.மீ. மிஷினில் இருந்த காலெட்டோ 6.35 மி.மீ. அளவுக்கானது. இறுக்கினால் பிடித்தது போலத்தான் தெரிந்தது. அவசரத்தில் ஒரே ஓட்டத்தில் 5 மி.மீ. ஆழம் வைத்தேன். பிட் வழுக்கிக் கீழே இறங்கி, பலகையின் நடுவில் ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டது. நல்லவேளை, அது வெளியே பறக்கவில்லை.

அதிலிருந்து கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் தண்டு. 6-உம் 6.35-உம் ஒன்றல்ல. 12-உம் 12.7-உம் ஒன்றல்ல. தண்டும் காலெட்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பெரிய பலகைக்கு 12 மி.மீ. அல்லது அரை அங்குலத் தண்டு நல்லது. மெல்லிய தண்டு அதிரும். தண்டை அடிவரை செருகி, பிறகு இரண்டு மூன்று மி.மீ. வெளியே இழுத்து இறுக்குங்கள்.

அடுத்து விட்டம். ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதன் மேல் மூன்றில் ஒரு பங்கு ஏற வேண்டும் என்று வையுங்கள். 12 மி.மீ. பிட் என்றால் இரண்டடி அகலத்துக்கு 75 ஓட்டம், அதாவது ஒரு அடுக்கு சீவ 135 மீட்டர் தள்ள வேண்டும். 40 மி.மீ. பிட் என்றால் 23 ஓட்டம், சுமார் 41 மீட்டர். கோடுகளும் குறைவு, தேய்க்கும் வேலையும் குறைவு.

அப்படியானால் இன்னும் பெரியது வாங்கலாமே என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. 50 மி.மீ. பிட்டை நிமிடத்துக்கு 24,000 சுற்றில் ஓட்டினால் அதன் விளிம்பு மணிக்கு 226 கி.மீ. வேகத்தில் போகும். தானே புயலின் காற்றே மணிக்கு 140 கி.மீ. அளவில்தான் இருந்தது! வேகத்தைக் குறைக்கும் வசதி மிஷினில் இல்லையென்றால் பெரிய பிட்டைத் தொடாதீர்கள். பிட்டின் மேல் எழுதியிருக்கும் உச்ச வேகத்தை ஒருபோதும் தாண்டாதீர்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு 25 மி.மீ. போதும்.

மூன்றாவது, பிட்டின் அடிப்பக்கம். இந்த வேலையில் வெட்டுவது பெரும்பாலும் அடி விளிம்புதான். சமன் செய்வதற்கென்றே வரும் பிட்டுகள் பலவற்றில் நடு மையத்தில் வெட்டும் முனை இருக்காது. அதைப் பலகையின் நடுவில் நேராக இறக்கினால் மரம் கருகும். ஓரத்திலிருந்து உள்ளே நுழைய வேண்டும். மூலை கொஞ்சம் உருண்டையாக இருக்கும் பிட், கூரான கோடு விழாமல் சீவும்.

நான்காவது, உலோகம். கார்பைடு முனையே வாங்குங்கள். தேக்கில் இயல்பாகவே மணல்சத்து உண்டு, சாதாரண எஃகு முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். திருகி மாட்டும் சதுரக் கார்பைடு வில்லைகள் உள்ள பிட்டுக்கு விலை அதிகம். ஆனால் ஒரு விளிம்பு மழுங்கினால் திருப்பி மாட்டலாம், நான்கு விளிம்பும் பயன்படும். ஆழம் எப்போதும் ஒரு மி.மீ., மிஞ்சினால் இரண்டு.

கடைசியாக, நம் குடியிருப்புக்கான விஷயம். இந்த வேலையை மொட்டைமாடியிலோ பால்கனியிலோ செய்யாதீர்கள். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல்தான் வரம்பு என்கின்றன 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள். ரூட்டர் அதைவிட எவ்வளவோ அதிகமாக அலறும். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1995-லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்திவிட்டது. கண்ணாடி, காதடைப்பு, முகக்கவசம் மூன்றும் கட்டாயம். பிட் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். நான் இரண்டாவது பலகையை ஊருக்குப் போய்க் கொட்டகையில் வைத்துத்தான் சீவினேன்.

இரண்டு நாள் ஆனது. மேல் அழுக்கு போனதும் உள்ளே பலாவின் மஞ்சள் தெரிந்தது. வெளிச்சம் பட்டு அது இப்போது பழுப்பாகிக்கொண்டு வருகிறது. அதுதான் வாசிப்பு அறை மேஜை. அதன் கீழ்த் தட்டைக் குனிந்து பார்த்தால் ஒரு நீளமான ஒட்டு தெரியும். வாய்க்கால் விழுந்த முதல் பலகைதான் அது. அப்பா பத்திரப்படுத்திய இரண்டையும் வீணாக்காமல் சேர்த்துவிட்டேன்.

யாராவது பிட் வாங்கப் போவதாக இருந்தால், போவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். என்னிடம் இருப்பதைக் காட்டுகிறேன், கைமாற்றாகவும் தருகிறேன்.